குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் தருவீர்களா?

எங்கள் கணக்கெடுப்புப் படிவத்தில் பதினோராவது கேள்வி, ‘குடிநீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?’ அதற்குக் கீழே ஆறு கட்டங்கள். குழாய், அடிபம்பு, மூடிய கிணறு, திறந்த கிணறு, குளம் அல்லது ஆறு, மற்றவை. ஒன்றில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீடுகளாகப் பார்த்து ஏறி இறங்குவது, கடந்த இரண்டு வாரத்தில் குழந்தைக்குப் பேதி ஆனதா என்று கேட்பது, ஆமாம் என்றால் எத்தனை நாள், ரத்தம் கலந்து போனதா, என்ன கொடுத்தீர்கள் என்று எழுதிக்கொள்வது. இதுதான் வேலை.

ஒரு நாள் வெயிலில் அலைந்து, உண்மையாகவே தாகம் எடுத்து, ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். ‘குழாய்த் தண்ணீர்தான், நல்ல தண்ணீர்’ என்று அந்த அம்மா அப்போதுதான் சொல்லியிருந்தார். நானும் முதல் கட்டத்தில் டிக் அடித்திருந்தேன். அவர் எழுந்து போய், அகன்ற வாய் கொண்ட ஒரு டிரம்மின் மூடியை நகர்த்தினார். அது பாதிதான் மூடியிருந்தது. உள்ளே மிதந்துகொண்டிருந்த குவளையை எடுக்க முழங்கை வரை கையை விட்டார். கால்மணி நேரத்துக்கு முன்னால் அதே கையால்தான் குழந்தைக்குக் கால் கழுவி விட்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

குடித்தேனா என்று கேட்பீர்கள். குடித்தேன். ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அரைமணி நேரம் அவர் குடும்பக் கதையை எல்லாம் கேட்டுவிட்டு, அவர் தரும் தண்ணீரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு பதினோராவது கேள்வியைக் கேட்பதோடு நான் நிறுத்துவதில்லை. தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ‘குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் தருவீர்களா?’ என்று கேட்டுவிடுகிறேன். பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம், மூடி இருக்கிறதா, சாய்த்து ஊற்றுகிறார்களா, முக்கி எடுக்கிறார்களா, முக்கினால் விரல் நனைகிறதா, அதே குவளை தரையில் கிடக்கிறதா, ஆணியில் தொங்குகிறதா. ஒரு நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். படிவத்தில் இதற்கு இடம் இல்லாததால் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பேன். ‘கை உள்ளே’ என்று இரண்டு வார்த்தை.

ஊற்றிலோ குழாயிலோ சுத்தமாக இருக்கும் தண்ணீர், வீட்டுக்குள் வந்து ஒரு பகல் இருந்ததும் கெட்டுப்போவது உலகம் முழுக்கக் கிராமங்களில் அளந்து பார்க்கப்பட்ட விஷயம். கெடுப்பது பெரும்பாலும் கைதான். பேதியை உண்டாக்கும் கிருமிகள் ஒரு மனிதக் குடலிலிருந்து இன்னொரு வாய்க்கு வரும் வழிகளைப் படமாகப் போட்டு 1958-இலேயே உலக சுகாதார நிறுவனம் ஒரு புத்தகத்தில் வெளியிட்டது. நீர், விரல், ஈ, மண், இந்த நான்கில் ஏதாவது ஒன்றின் வழியாக உணவுக்குப் போய், அங்கிருந்து வாய்க்கு. அந்தப் படத்தை எங்கள் பயிற்சியிலும் காட்டினார்கள். படத்தில் அம்புக்குறிகள் ஒன்றையொன்று தொடாமல் அழகாக இருக்கும். வீட்டில் அப்படி இல்லை. ஈயும் விரலும் குவளையும் ஒரே மூலையில்தான் இருக்கின்றன.

கழிப்பறைக் கேள்வியும் இதே கதைதான். ‘கழிப்பறை உண்டா? ஆம், இல்லை.’ ஆம் என்று சொன்ன ஒரு வீட்டில், ‘சரி, சின்னவன் எங்கே போவான்?’ என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு முற்றத்தைக் காட்டினார். அப்புறம் அதை என்ன செய்வீர்கள் என்றதற்கு, ‘குழந்தை மலம்தானே’ என்றார். ஒரு கை மண்ணைப் போட்டு மூடுவாராம், அல்லது வேலி ஓரமாக வாரிப் போடுவாராம். நிறைய இடங்களில் நிறையப் பேர் இதே சொல்லைச் சொல்லிக் கேட்டுவிட்டேன். குழந்தையின் மலம் அருவருப்பு இல்லாதது, அதனால் ஆபத்தும் இல்லாதது என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. உண்மையில், அடிக்கடி பேதி ஆவது குழந்தைகளுக்குத்தான் என்பதால், கிருமியை அதிகம் வெளியே விடுவதும் அவர்கள்தான். பெரியவர்கள் எல்லாரும் கழிப்பறைக்குப் போய்விட்டு, சின்னவனுடையது மட்டும் கோழி கிளறும் முற்றத்தில் கிடந்தால், அந்தக் கழிப்பறையால் பாதிப் பயன்தான்.

கோழி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஏழெட்டு மாதக் குழந்தை தவழ ஆரம்பித்திருக்கும். கையில் அகப்பட்டது எல்லாம் வாய்க்குப் போகும் வயது. அதே தரையில் கோழி எச்சம். காம்பைலோபேக்டர் என்ற பாக்டீரியா கோழிகளின் குடலில் அவற்றுக்கு எந்தத் தொந்தரவும் தராமல் வாழும். குழந்தைக்கு அது பேதி. நான் பார்த்த வீடுகளில் பாதியில் இதே வயதில்தான் முதல் பேதி. ‘பல் முளைக்குது, அதான்’ என்று பாட்டிமார்கள் அடித்துச் சொல்வார்கள். பல் முளைப்பதும் தவழ்வதும் தாய்ப்பாலோடு வேறு உணவு தொடங்குவதும் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் தேய்வதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. எல்லோர் கண்ணிலும் படுவது பல் மட்டும், அதனால் பழி பல்லின் மேல். பாட்டிகளோடு நான் சண்டை போடுவதில்லை. ‘சரி பாட்டி, பல்தான். பல் முளைக்கிற வரைக்கும் தரையில் ஒரு பாய் விரித்து வைக்கலாமா?’ என்பேன். பாய் விரிப்பதில் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை.

ஆறு மாதத்துக்கு முன்பே பேதி என்றால் நான் முதலில் தேடுவது பால் புட்டியை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது பரிந்துரை. வேலைக்குப் போகும் தாய்க்கு அதைச் சொல்வது எளிது, அவர் செய்வது எளிதல்ல. எனக்கும் தெரியும், என் மகளுக்கு நான்காம் மாதத்தில் புட்டி கொடுத்தவள்தான் நானும். புட்டியின் ரப்பர் முனையைத் திருப்பிப் பாருங்கள். உள்விளிம்பில் வழவழப்பாக ஒரு வளையம் இருக்கும், தூரிகை போகாத இடத்தில். புட்டியைவிடக் கிண்ணமும் கரண்டியும் மேல், ஏனென்றால் அவற்றில் ஒளிவதற்கு மூலை இல்லை. இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்பதில் இன்னும் கோபம் உண்டு.

சோப்பு பற்றி நான் சொல்லப் போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் சுருக்கமாக. கராச்சியில் சோப்பும் கைகழுவும் பழக்கமும் கொடுக்கப்பட்ட வீடுகளில் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் பேதி 53 சதவீதம் குறைந்ததாக 2005-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒவ்வொரு வாரமும் ஒருவர் வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். சோப்பு எல்லா வீட்டிலும் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. துணி துவைக்கும் கல்லில் இருக்கும், குளிக்கும் இடத்தில் இருக்கும். குழந்தைக்குக் கால் கழுவும் இடத்தில் இருக்காது. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா என்ற பாக்டீரியா நூறுக்கும் குறைவான எண்ணிக்கையில் உள்ளே போனாலே போதும். அந்த அளவுக்கு விரல் இடுக்கு தாராளம்.

இதை எல்லாம் சொல்லும்போது, பேதி வந்த குழந்தையின் தாய் ஏதோ தப்புச் செய்தவர் போல் ஒரு தொனி வந்துவிடும். அது எனக்கே பிடிக்காத தொனி. ரோட்டா வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவரோடு இருந்தவர்களும் பேதி கண்ட குழந்தைகளின் குடல் திசுவை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது அகப்பட்டது அது. சக்கரம் போன்ற வடிவம், அதனால் அந்தப் பெயர். மாளிகையில் வளரும் குழந்தையையும் அது விடுவதில்லை. தடுப்பூசி வருவதற்கு முன்பு ஐந்து வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளையும் தொட்டுவிட்டுப் போயிருக்கும். சோப்பும் சுத்தமான நீரும் அதற்கு எதிராக ஓரளவுதான் உதவும். அதனால்தான் 2009-இல் எல்லா நாடுகளின் தடுப்பூசித் திட்டத்திலும் ரோட்டா தடுப்பு மருந்தைச் சேர்க்கும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தொற்று எல்லோருக்கும் வரும். சாவு மட்டும் மருத்துவமனைக்குத் தூரமான வீடுகளைத் தேடிப் போகும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இன்றும் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பேதியால் இறக்கிறார்கள்.

பெரும்பாலும் கொல்வது கிருமியைவிட நீரிழப்பு. இங்கேதான் என்னுடைய பெரிய தப்பு வருகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. பதினோரு மாதப் பெண் குழந்தை, காலையிலிருந்து ஆறேழு தடவை தண்ணீராகப் போயிருந்தது. தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தேன், உடனே சமமானது. கண் குழி விழவில்லை, அழுதால் கண்ணீர் வந்தது. நீரிழப்பு இன்னும் இல்லை. ஓஆர்எஸ் பொட்டலம், அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் பொடி, இரண்டைக் கொடுத்து, ‘ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீரில் ஒரு பொட்டலம். ஒவ்வொரு தடவை போன பிறகும் அரை தம்ளர். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு மெதுவாகக் கொடுங்கள். ஒரு நாள் தாண்டினால் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்’ என்று பயிற்சியில் சொன்னபடியே ஒப்பித்தேன். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். புரிந்ததா என்றேன், புரிந்தது என்றார்.

சாயங்காலம் திரும்பும் வழியில் எட்டிப் பார்த்தேன். ‘குடிக்க மாட்டேங்குது அக்கா, உப்பு கரிக்குதாட்டம் இருக்கு’ என்றார். வாங்கி ஒரு வாய் குடித்தேன். கடல் தண்ணீர். முழுப் பொட்டலத்தையும் ஒரு தம்ளரில் கரைத்திருந்தார். அந்த வீட்டில் ஒரு லிட்டர் என்று அளக்கும்படி எதுவும் இல்லை, அது எனக்குத் தோன்றவே இல்லை. மருந்து என்றால் ஒரு தம்ளரில் கரைத்துக் குடிப்பது என்று அவர் நினைத்ததில் எந்தத் தப்பும் இல்லை. 200 மில்லிக்கான சின்னப் பொட்டலங்கள் வேறு புழங்குகின்றன. அதை எங்கோ பார்த்திருந்தால் அவர் செய்தது இன்னும் நியாயம்.

ஐந்து மடங்கு உப்பு. அப்படிக் குடித்தால் குடல் நீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக உடம்பிலிருந்து குடலுக்குள் நீர் இறங்கும். ரத்தத்தில் சோடியம் ஏறும். வலிப்பு வரலாம். குழந்தை துப்பித் துப்பித் தள்ளியதால் தப்பித்தது. அன்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் விடியும் முன்பே போய்ப் பார்த்தேன். உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது.

இப்போது என் பையில் ஒரு காலி ஒரு லிட்டர் பாட்டில் எப்போதும் இருக்கும். வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பாத்திரத்தில் அதால் தண்ணீர் ஊற்றி, எங்கே வந்து நிற்கிறதோ அங்கே ஆணியால் ஒரு கோடு. பிறகு என் முன்னால் அவர்களே கரைக்க வேண்டும், கரைத்து அவர்களே ருசி பார்க்க வேண்டும். கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொடுக்கக் கூடாது.

இதை ஏதோ நான் கண்டுபிடித்த மாதிரி ரொம்ப நாள் பெருமையாக இருந்தேன். பிறகு வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பைப் பற்றிப் படித்தேன். 1980 முதல் பத்தாண்டுகளில் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல் போய், மூன்று விரல் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர் என்று தாய்மார்களுக்கு நேரில் கரைத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண் ஊழியர்களுக்குச் சம்பளம், எத்தனை வீடு போனார்கள் என்பதற்கு அல்ல. கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் போய்க் கேட்கும்போது தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்பதற்கு. அந்த விதி எனக்கு இருந்திருந்தால் முதல் மாதம் பட்டினிதான்.

இந்தக் கரைசலின் கதையையே ஒரு தனிப் பதிவாக எழுதலாம். குளுக்கோஸ் சேர்ந்தால் சோடியத்தையும் குடல் சேர்த்து இழுத்துக்கொள்ளும், சோடியத்தின் பின்னால் தண்ணீர் வரும் என்பது 1960-களில் தெளிவானது. பேதியிலும் அந்தக் கதவு மட்டும் மூடுவதில்லை. 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் காலரா நோயாளிகளிடம் அதை நிரூபித்தார்கள். 1971 வங்கதேசப் போரில், மேற்கு வங்க எல்லையில் இருக்கும் பங்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவி, ஊசி வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த பொட்டலங்களைக் கொண்டுவந்து டிரம்களில் கரைக்க வைத்தார். உடன் வந்த சொந்தக்காரர்களே கோப்பை கோப்பையாகக் கொடுத்தார்கள். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. நர்ஸ் கொடுக்கவில்லை, டாக்டர் கொடுக்கவில்லை, அம்மாவும் அண்ணனும் கொடுத்தார்கள் என்ற இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்.

பேதிக்குக் கொடுக்கும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளைக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, பேதி நின்றாலும் 10 முதல் 14 நாள். ‘நின்னுடுச்சே அக்கா, இன்னும் எதுக்கு?’ என்று மூன்றாம் நாள் நிறுத்திவிடுவார்கள். மலத்தில் ரத்தம் வந்தால், குழந்தை குடிக்கவே முடியாமல் துவண்டு கிடந்தால், கிள்ளிய தோல் எழுந்தபடியே நின்றால் வீட்டில் வைத்துக்கொண்டு எதையும் முயலக் கூடாது, தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பெரியவர்கள் பேதியை நிறுத்தப் போட்டுக்கொள்ளும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

எங்கள் வேலையில் இருப்பவர்களைச் சோர வைத்த ஒரு செய்தி 2018-இல் வந்தது. வங்கதேசத்திலும் கென்யாவிலும் ஆயிரக்கணக்கான கிராமத்து வீடுகளில் குளோரின், கழிப்பறை, கைகழுவும் இடம் எல்லாம் அமைத்துக்கொடுத்து இரண்டு வருடம் பார்த்தார்கள். வங்கதேசத்தில், தண்ணீருக்குக் குளோரின் மட்டும் கொடுத்த வீடுகளைத் தவிர மற்றவற்றில் பேதி குறைந்தது. கென்யாவில் எதிலுமே குறையவில்லை. இரண்டு நாட்டிலும் இந்த ஏற்பாடுகளால் மட்டும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. எங்கள் குழுவில் ஒருவர் ‘அப்போ நாம எதுக்கு அலையறோம்?’ என்று கேட்டார். எனக்குப் பட்டது வேறு. ஒரு வீட்டுக்குக் கழிப்பறை கட்டிக்கொடுத்தோம், பக்கத்து வீட்டுக் கோழி வந்து போகிறது. குளோரின் கொடுத்தோம், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு அசைவதில்லை. கொதிக்க வைத்தால்தான் சாகும், அதற்கு விறகு வேண்டும். ஒரு வீட்டை மட்டும் சுத்தமாக்க முடியாது போலிருக்கிறது. தெருவே மாற வேண்டும். அது என் பையில் அடங்குகிற வேலை இல்லை.

என் பையில் அடங்குவது தராசு. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏழு இடங்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. தீவிரமான பேதிக்கு முன்னணிக் காரணங்கள் ரோட்டா, கிரிப்டோஸ்போரிடியம், ஷிகெல்லா, ஒரு வகை ஈ.கோலை பாக்டீரியா என்று அது சொன்னது. என்னைப் பாதித்தது அதில் இருந்த இன்னொரு எண். அப்படிப் பேதி வந்த குழந்தைகள், அடுத்த இரண்டு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட எட்டு மடங்குக்கும் மேல். பலர் இறந்தது மருத்துவமனையில் இல்லை, வீட்டில். பேதி நின்ற பிறகும் ஆபத்து நிற்பதில்லை. குடல் உள்பக்கம் தேய்ந்திருக்கும், பசி எடுக்காது. வயிறு ஆறட்டும் என்று வீட்டில் உணவைக் குறைப்பார்கள். எடை இறங்கும். எடை இறங்கிய உடம்பில் அடுத்த பேதி சீக்கிரம் வரும், நீண்ட நாள் இருக்கும். அது இன்னும் எடையை இறக்கும்.

எங்கள் படிவம் கடந்த இரண்டு வாரத்தை மட்டும் கேட்கிறது. அதனால் பேதி கண்ட குழந்தைகளின் வீடுகளைத் தனியாக ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, மூன்றாவது வாரமும் ஆறாவது வாரமும் நானாகப் போகிறேன். கணக்கில் வராத நடை. வழக்கமாகக் கொடுப்பதைவிட நாளைக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, எடை பார்த்து எழுதிக்கொண்டு வருவேன்.

போன வாரம் அப்படி ஒரு ஆறாவது வார வீடு. ஒன்றரை வயதுப் பையன். மூன்றாவது வாரம் பார்த்தபோது 8 கிலோ 100, முன்பு இருந்ததைவிட 400 கிராம் குறைவு. நான் போன நேரம் மதியம். அவன் அம்மா வாசலிலேயே விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். உள்ளே பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். வாயோரம் எதுவோ காய்ந்து ஒட்டியிருந்தது. ‘இப்பத்தான் சாப்பிட்டான், ரெண்டாவது தடவையா கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்’ என்றார் மெதுவாக. பழக்க தோஷத்தில் தண்ணீர் கேட்டேன். வாய் குறுகிய ஒரு பாத்திரத்தைச் சாய்த்து ஊற்றிக்கொடுத்தார். குடித்துவிட்டு, அவனை எழுப்ப மனம் வராமல் தராசைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். எடையை நாளைக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.